மூடி திறக்கும் சத்தம்

தண்ணீர் கொதிக்கிற வழியாய்த் தெரியவில்லை. மார்கழி மாதத்து ஊட்டித் தண்ணீருக்குக் கொழுப்பு ஜாஸ்தி, அடுப்பில் ஏறி உட்கார்ந்த பிறகும் அசையாது, அடியில் மட்டும் ஒரு முனகல், 'சத்தம் வரக்கூடாது, ஒரு சத்தம் வரக்கூடாது' என்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மூக்கால் சொல்வாரே அதே மாதிரி, டேலியா அந்த முனகலைத் தொண்டைக்குள் ஒருதரம் செய்து பார்த்தாள், சரியாக வந்தது, எல்லாம் சரியாகத்தான் வரும், மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டரின் 'உள்ள போ உள்ள போ', பின்பக்கம் படுத்திருக்கும் நாய் கொட்டாவி விடுகையில் கடைசியாக வரும் கீச்சு, டிவியில் 'உறைபனிக்கு வாய்ப்பு' என்பதைக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல வாசிக்கும் பெண், யாருடையது வேண்டுமானாலும். சுக்கைத் தட்டிக் கருப்பட்டி போடாமல் கொத்தமல்லியோடு இறக்க வேண்டும், அப்பாவின் சர்க்கரைக்குக் கருப்பட்டி கூடாது என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் கண்ணை உருட்டிச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி வெயில் ஜன்னலில் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் மலைக்குப் பின்னால் விழுந்ததும் வீட்டுத் தகரக் கூரை 'டிக்' என்று சுருங்கும். அப்போதுதான் முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டப். வர்க்கி டப்பாவின் மூடி. நெய்யும் மைதாவுமாய் அடுக்கடுக்காய், தொட்டால் உதிரும் வர்க்கி, அப்பாவின் உயிர் அதில்தான் இருக்கிறது, உயிரை எடுக்கப்போவதும் அதுதான். டேலியா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். டப்பா காலி. மதியம் அப்பா தூங்கும்போது அவளே பின்பக்கம் எடுத்துப் போய் நாய்க்குக் கொட்டினாள், கொட்டுவதற்கு முன் நின்ற வாக்கில் மூன்றை வாயில் போட்டுக்கொண்டது வேறு கதை. இப்போது கேட்கும் பாருங்கள், 'கண்ணு, வர்க்கி எங்க சாமி?' என்று அப்பாவின் குரல், கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து வருவது போல. அவள் அதைத் தொண்டைக்குள் தயாராய் வைத்துக்கொண்டு, அவர் சொல்லும்போதே கூடவே சொல்லிப் பார்க்கலாம் என்று காத்திருந்தாள். வரவில்லை. மூடி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், டப், திறந்தது.

காலி என்று பார்த்தாயிற்றே, பிறகு எதற்கு? முன்னறை இருட்டில் சரியாகத் தெரிந்திருக்காது. அப்பாவுக்குக் கண்ணும் மங்கலாகிவிட்டதா, சர்க்கரை கண்ணுக்கும் போகும் என்று சிஸ்டர் சொன்னாரே, இல்லை, கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நேற்றுக்கூட அவள் பாவாடைக் கொக்கிக்குப் பதில் ஊக்கு குத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார். அவளுக்கும் இடுப்பு பெருத்துவிட்டது. குளிர் என்று ஒன்று, அம்மா இல்லை என்று ஒன்று, எது எதற்காகத் தின்கிறோம் என்று யார் பிரித்துப் பார்த்தது, போர்வைக்குள் பால்பன்னை வைத்துக்கொண்டு சத்தம் வராமல் மெல்லக் கற்றுக்கொண்டால் போதும். அம்மா இருந்தால் போர்வைக்குள் மென்றாலும் கேட்டுவிடும். அம்மாவின் காது அப்படி. கொல்லையில் துணி அலசிக்கொண்டிருப்பாள், குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் கோழி சத்தம், அத்தனைக்கும் நடுவில் முன்னறையில் அப்பா நகம் படாமல் மூடியைத் தூக்கினாலும் அங்கிருந்தே, திரும்பிக்கூடப் பார்க்காமல், 'ஏனுங்க, டப்பாவ மூடுங்க' என்பாள். கோபமில்லை, கெஞ்சலில்லை, கீரைக்காரியிடம் நாளைக்கு வா என்று சொல்வது போல. அப்பா திருடன் மாதிரி மூடுவார், பிறகு அவரும் சிரிப்பார் டேலியாவும் சிரிப்பாள். சில நாள் தின்னும் ஆசையே இருக்காது, இவளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு வேண்டுமென்றே மூடியைத் தட்டுவார், 'ஏனுங்க' என்று கேட்டதும் ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ராத்திரி சாப்பிட்டதும் அம்மா ஆளுக்கொரு மப்ளரைச் சுற்றிவிட்டு, பூங்காச் சுவர் ஓரமாகத் திருப்பம் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போவாள், திரும்பி வந்ததும் தன் கையாலேயே ஒரு வர்க்கியை உடைத்துப் பாதி அவருக்கு, பாதி இவளுக்கு. ஆடி மழையில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நடையும் நின்றது. டப்பா மட்டும் நிற்கவில்லை. இது அவள் இல்லாத முதல் குளிர்.

நடையைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கலாம், டேலியா குரலைத்தான் எடுத்தாள். எடுத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அது தானாக வந்தது, ஐப்பசியோ கார்த்திகையோ, வீட்டில் யாரும் யாரோடும் பேசாத ஒரு சாயங்காலம், இதே அடுப்பங்கரையில் இதே இடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், டப் என்றது, இவள் வாய் 'ஏனுங்க, டப்பாவ மூடுங்க' என்றது. வெங்காயம் கையிலேயே நின்றுவிட்டது. முன்னறையில் மூச்சு இல்லை. செத்தோம், அடிக்க வரப்போகிறார், அப்பா அடித்ததே இல்லை, இன்றைக்கு அடிப்பார் என்று நிற்கையில் மூடி மூடுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, நகம் படாமல், அதே திருட்டுத்தனத்தோடு. அவ்வளவுதான். சாப்பிடும்போது ஒரு வார்த்தை அதைப் பற்றி இல்லை, ரசம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார், ரசம் நன்றாகவே இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சிநேகிதி ஷைலஜாவிடம் சொன்னாள், எப்படிச் சொன்னாள், அதுதான் இப்போது நினைத்தால் காது கூசுகிறது, பெரிய சாதனை மாதிரி, 'எங்கப்பாவ ஒரே டயலாக்ல ஆஃப் பண்ணிட்டேன்டீ' என்று. ஷைலஜா சிரிக்கவில்லை, உங்கம்மா குரலிலா என்று கேட்டாள், ஆமாம் என்றாள் இவள், பாவம்டீ என்றாள் அவள், போடீ பூசாரி என்று இவள் அவளைப் போலவே இழுத்து இழுத்துப் பேசிக்காட்டி அழ வைத்தாள். அழ வைப்பதும் சிரிக்க வைப்பதும் தொண்டையில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

பிறகு அது பழக்கமானது. டப் என்றால் ஏனுங்க, ஏனுங்க என்றால் மூடி. கடிகாரப் பெட்டிக்குள்ளிருந்து குருவி எட்டிப் பார்க்குமே அதுபோல. ஒரே வசனம் சலித்துப் போனதும் இவள் சேர்க்க ஆரம்பித்தாள். 'ஏனுங்க, மூடுங்க, புள்ளைக்கு இருக்கட்டும்.' அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. 'மூடிட்டு அந்தக் காலைக் கழுவுங்க.' இது சொல்லியிருக்கிறாள். 'மூடுங்க, இன்னிக்குச் சமையலுக்குச் சோம்பலா இருக்குது, புரோட்டா வாங்கிட்டு வாங்க.' இது சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டாள், புரோட்டா வந்தது. அப்புறம் அந்த ஒன்று. நினைக்காதே. நினைத்தாயிற்று. வாசலில் தண்ணீர்த் தொட்டியில் கண்ணாடி மாதிரி ஏடு படிந்த வாரம் அது, இவளுடைய பழைய ஸ்வெட்டர் முழங்கை கிழிந்திருந்தது, கேட்டால் வாங்கித் தந்திருப்பார், கேட்க வேண்டியதுதான், தன் வாயால், அப்பா எனக்கு ஒரு ஸ்வெட்டர் என்று. அதைவிட இது தமாஷாக இருந்தது. டப். 'ஏனுங்க, டப்பாவ மூடுங்க. புள்ள குளிர்ல நடுங்குதே, கண்ணு தெரியலீங்களா? நல்லதா ஒரு ஸ்வெட்டர் எடுத்துக் குடுங்க.' சொல்லி முடித்து வாயைத் துப்பட்டாவால் அடைத்துக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மறுநாள் வேலை முடிந்து அப்பா நேரே வீட்டுக்கு வராமல் திபெத்தியன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மெரூன் கலர், கழுத்தில் வெள்ளைக் கோடு. அம்மாவுக்குப் பிடித்த கலர். இவளுக்கு நீலம்தான் பிடிக்கும். பிரித்துக் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தில் இருந்தது என்ன என்று அன்றைக்குப் பார்க்கவில்லை, அளவு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். இப்போது அது உடம்பெல்லாம் அரிக்கிறது. அடுப்புச் சூடுதான். டேலியா ஸ்வெட்டரைத் தலை வழியே உருவி அரிசி மூட்டைமேல் போட்டாள். உடனே குளிர் முதுகில் கை வைத்தது.

தண்ணீர் இப்போது ஓரத்தில் மட்டும் குமிழ் விடுகிறது. சுக்கைப் போட்டாள். டப். மூன்றாவது தரம். என்ன செய்கிறார் இந்த மனுஷர். எழுந்து போய்ப் பார்த்தால் என்ன, நாலடி, போக மாட்டேன் என்கிறது கால். கால் என்றதும் அந்தக் கால். போன வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேரிக்குட்டி சிஸ்டர் அப்பாவின் ரப்பர் கம்பூட்டைக் கழற்றச் சொல்லிக் கவிழ்த்தார், உள்ளே இருந்து ஒரு கூழாங்கல் விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. பட்டாணி அளவு. அதன்மேலேயே அப்பா ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறார். அவருடைய பூங்காத் தோட்டவேலை அப்படி, பொழுது சாய்வதற்குள் நாற்றுகளையும் தொட்டிகளையும் பனி படாமல் மிலார்ச் செடி ஒடித்து வந்து கூரை போல மூட வேண்டும், விடியுமுன் வெயில் படுவதற்குள் புல்வெளியில் பனியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும், பனியோடு வெயில் பட்டால் புல் கருகும், நாளெல்லாம் ஈரத்தில் கால். பெருவிரலுக்கு அடியில் புண், ஓரம் வெளுத்து, நடு சிவந்து. வலிக்கலையா என்று சிஸ்டர் கேட்டார். இல்லீங்க என்றார் அப்பா, வெட்கப்படுவது போல. சிஸ்டர் ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்தார், சர்க்கரை எங்கேயோ ஏறி உட்கார்ந்திருந்தது, அப்பாவைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்து மலையாளம் கலந்து சொன்னார். 'மோளே, கேட்டோ. இந்தப் புண்ணு இந்தக் குளிருக்குள்ள ஆறலைன்னா விரல் போகும். விரலோட நிக்காது.' இவள் அந்தக் குரலை எடுத்து வைத்துக்கொள்ள மறந்துபோனாள். அதுதான் முதல் தடவை. சிஸ்டர் நிறையச் சொன்னார், வெயில் இருக்கும்போதே நடக்கணும், கொள்ளு ரசம் வைத்துக் கொடு, ராத்திரி படுக்குமுன் காலை நீ பார்க்கணும் அவர் இல்லை என்று. அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார், டப்பாவுக்குக் கை போகும்போது ஒரு நிமிஷம் நில்லுங்க அண்ணா, பசிக்குதா இல்ல வேற எதுவோவான்னு உங்களையே கேளுங்க. அப்பா தலையை ஆட்டினார். அந்தக் கூழாங்கல்லைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், பூங்காவுடையது என்று.

பசிக்குதா இல்ல வேற எதுவோவா. அன்று பஸ்ஸில் அந்த வாக்கியத்தைச் சிஸ்டர் குரலில் முயன்று பார்த்தாள், வரவில்லை, பிறகு மறந்து, இன்று மதியம் டப்பாவைக் கவிழ்க்கும்போது நாயிடம் கேட்டாள், பசிக்குதா இல்ல வேற எதுவோவா, நாய் வாலை ஆட்டியது. டப். நாலாவது. கரண்டி கையில் நின்றது. டப்பாவில் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் திறக்கிறார். திறந்து, ஒரு மூச்சு பொறுத்து, மூடுகிறார். பொறுக்கிற அந்த ஒரு மூச்சில் என்ன இருக்கிறது என்று டேலியாவுக்கு உடம்பெல்லாம் ஒரே சமயத்தில் தெரிந்தது, தெரியக்கூடாது என்று நினைப்பதற்குள். அந்த ஒரு மூச்சில்தான் 'ஏனுங்க' வரவேண்டும். வர்க்கி அல்ல. எப்போதுமே வர்க்கி அல்ல. இவள் குரல் கொடுத்தால் அவர் மூடுவார் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள், குரல் வரட்டும் என்று அவர் திறந்துகொண்டிருந்தார். கார்த்திகைக்கு முன்னால் ஒரு சாயங்காலத்துக்கு ஒருதரம் திறந்தவர், இவள் ஆரம்பித்த பிறகு எத்தனை தரம் திறந்தார், பழக்கம் முற்றிப்போச்சு என்று ஷைலஜாவிடம் சொன்னாளே. சரி, குரல் கொடுத்த நாளெல்லாம் மூடிவிட்டார். கொடுக்காத நாள்? காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கிடந்த நாள், ஷைலஜா வீட்டுக்குப் போய் இருட்டிய பிறகு வந்த நாள், கேட்டும் சோம்பலாக இருந்து போர்வையை இழுத்துக்கொண்ட நாள், அதெல்லாம் எத்தனை. அன்றெல்லாம் அவர் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். கை சும்மா இருக்காதே. ஒன்றை எடுத்திருப்பார். வரவில்லை. இன்னொன்று. மெதுவாக மென்றிருப்பார், தன் வாய்ச் சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாது என்று. இவள் வந்து பார்க்கும்போது மடியெல்லாம் உதிர்ந்த தூள். 'அப்பா, திருட்டுப்பூனை' என்று பூனைக் குரலில் கத்துவாள், அவர் சிரிப்பார். அந்தத் தூளெல்லாம் அந்தப் பெருவிரலுக்கு அடியில் போய்ப் புண்ணாகி உட்கார்ந்துவிட்டது போல, தானே கொண்டுபோய் வைத்தது போல, டேலியா மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது என்ன. சுலபம்தான். வாயைத் திறந்தால் வந்துவிடும், இதோ தொண்டையில் நிற்கிறது, 'ஏனுங்க'. சொன்னால் மூடிவிடுவார், இன்றைக்கு. நாளைக்குச் சம்பளத்தில் இன்னொரு பாக்கெட் வாங்கி வந்து டப்பாவை நிரப்புவார், டப்பா நிறைந்திருந்தால்தான் அம்மா உடனே வருவாள் என்று நினைத்துக்கொள்வார். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அம்மா இன்னொருதரம் போவாள். அதுவும் இவள் கையால். அம்மா நிஜமாக எப்படிச் சொல்வாள்? டேலியா கண்ணை மூடிக்கொண்டு கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டாள், கோழியைக் கத்தவிட்டாள், அம்மாவைக் குனியவைத்தாள், சொல்லும்மா. 'ஏனுங்க' என்றது, அது இவள் குரல். நல்ல குரல்தான், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து. இன்னொருதரம். இவள் குரல்தான். அத்தை மகன் கல்யாண வீடியோவில் அம்மா பேசுகிறாள், ஆனால் அதில் கேமராவைப் பார்த்து பயந்து, 'எல்லாரும் நல்லா இருக்கணுமுங்க' என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி, அது அம்மாவே இல்லை. டப்பாவுக்குச் சொல்கிற அந்தக் குரலை யாரும் பிடித்து வைக்கவில்லை. பிடித்து வைத்தவள் இவள் ஒருத்தி, அவளும் ஸ்வெட்டருக்கும் புரோட்டாவுக்கும் எடுத்து எடுத்துத் தேய்த்து, அடியில் இருந்தது போய்விட்டது, மேலே பூசியது மட்டும் இருக்கிறது. அப்பாவுக்கு மட்டுமாவது நிஜக்குரல் ஞாபகம் இருக்குமா, அல்லது அவருக்கும் இதுதான் அது என்று ஆகிவிட்டதா. கேட்க முடியாது. இதையெல்லாம் யார் குரலில் கேட்பது? தலைமையாசிரியை, கண்டக்டர், சிஸ்டர், நாய், வரிசையாக வந்து நின்றார்கள், ஒருத்தரும் லாயக்கில்லை. கூரை 'டிக்' என்றது. வெயில் போய்விட்டது, வெளிச்சமும் போகப்போகிறது. பாத்திரத்தில் சுக்குத் தண்ணீர் பொங்கி, இவள் பாராமலே, விளிம்பில் ஏறி அடுப்பில் விழுந்து சுஸ் என்றது.

டப்.

"அப்பா" என்றாள் டேலியா. யாரோ மாதிரி இருந்தது. கொஞ்சம் கரகரத்து, கடைசியில் உடைந்து, செய்து பார்த்துப் பழகாத குரல். அடுப்பை அணைத்துவிட்டு நாலடி நடந்து கதவருகே போய் நின்றாள். அப்பா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார், மடியில் டப்பா, கையில் மூடி, கட்டுப்போட்ட காலைத் தரையில் படாமல் மணையின்மேல் வைத்துக்கொண்டு. அவர் டப்பாவைப் பார்க்கவில்லை. அடுப்பங்கரைப் பக்கம், அவளுக்குப் பின்னால், பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு அவ வரலீங்களா கண்ணு?"

கேலி இல்லை. வரவில்லையா என்றுதான் கேட்டார், மகளைப் போய் மரியாதை போட்டு, யாரோ வீட்டில் விசாரிப்பது போல. டேலியாவுக்குத் தொண்டையில் 'ஏனுங்க' என்று எழுந்தது, முழுசாக, இதுவரை இல்லாத அளவு சுத்தமாக. விழுங்கினாள். வலித்தது.

"இல்லப்பா. நான் மட்டுந்தான்."

அவர் தலையை ஆட்டினார், சிஸ்டருக்கு ஆட்டியது போலவே. மூடியை டப்பாவின்மேல் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் ஓரம் ஓரமாக அமுக்கினார், சத்தமே வரவில்லை. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும், மன்னிப்பு என்கிற வார்த்தையை டிவிக்காரர்கள்தான் சொல்வார்கள், அதை எடுத்தால் அவர்கள் குரலாகிவிடும். "சுக்குத்தண்ணி ஆறட்டும். இருட்டறதுக்குள்ள திருப்பம் வரைக்கும் போயிட்டு வந்துரலாங்களாப்பா" என்றாள், "மெதுவாத்தான். கால் வலிச்சா திரும்பிரலாம்." வலி தெரியாத காலிடம் இதைச் சொல்கிறோமே என்று உறைத்தது. "நான் கம்பூட்டுக்குள்ள பார்த்துத் தர்றேன்" என்றாள். செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே குனிந்து, கம்பூட்டைக் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டு விரல் நுனிவரை தடவினாள், சில்லென்று ஈரம், கல் இல்லை, இன்னொருதரம் தடவினாள். அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், கனம் முழுசாக அவள்மேல் இறங்கியது. மப்ளரைச் சுற்றிக்கொண்டார். வாசலைத் திறந்ததும் குளிர் உள்ளே வந்து இவள் கைகளில் மயிரை நிற்கவைத்தது.

"ஸ்வெட்டரப் போட்டுக்க கண்ணு" என்றார் அப்பா. "அவ சொல்லி வாங்குனது."

அடுப்பங்கரைக்குப் போய் அரிசி மூட்டைமேலிருந்து எடுத்தாள். தலையை உள்ளே விட்டாள். கம்பளிக்குள் இருட்டாக, சுக்கு வாசனையோடு, தன் மூச்சு தனக்கே சுடச்சுடத் திரும்பி வந்தது. வெளியே அப்பா காத்துக்கொண்டிருந்தார், அவர் காலை மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. கழுத்து வழியைத் தேடிக்கொண்டு டேலியா கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே நின்றாள்.